கதவு திறக்க மட்டும்

மார்ச் 4, செவ்வாய்
நம் கேபின், ஆறாம் தளம்

என்னங்க,

காய்ச்சல் இறங்கியதா? வயிற்றுப்போக்கு நின்றதா? நர்ஸ் அம்மாவைக் கேட்டேன். "நல்லா இருக்காரு, நல்லா அதட்டுறாரு" என்றார். அதட்டுகிறீர்கள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இரண்டு ரொட்டி அதிகமாகச் சாப்பிட்டேன்.

உங்கள் தனிமை அறை போனில் நர்சையும் வரவேற்பு மேசையையும் தவிர யாரையும் கூப்பிட முடியாதாம். என் மொபைலுக்கு இணையம் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால்தான் காகிதம். நான் எழுதுவதை சாப்பாட்டுத் தட்டோடு உள்ளே தள்ளுவார்கள். நீங்கள் எழுதுவது அப்படியே வெளியே வராது. கதவுக் கண்ணாடியில் வைத்துக் காட்டினால் நர்ஸ் படம் பிடித்து, அச்சடித்து என்னிடம் தருவார். தொற்று பரவாமல் இருக்கவாம். அந்த அறைக்குள் போன எதுவும், உங்களையும் சேர்த்து, சனிக்கிழமைக்கு முன்னால் வெளியே வராது. உங்கள் இடுப்புப் பையும் அப்படித்தான். நம்மிடம் இருக்கிற ரொக்கம் மொத்தமும் அதில்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நேற்று மேல்தளத்து டீக்கடையில் உட்கார்ந்தேன். பீங்கான் கோப்பையில் டீ, பக்கத்தில் ஒரு சின்ன பிஸ்கட். பார்க்கவே ஆசையாக இருந்தது. கப்பல் கார்டை நீட்டினேன். கருவியில் தேய்த்த பையன், "மேடம், இந்த கார்டு கதவு திறக்க மட்டும்தான்" என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏறின அன்று வரவேற்பு மேசையில் நீங்கள் குனிந்து குசுகுசுவென்று சொன்னது இதைத்தானா?

இந்தக் கப்பலில் எந்தக் கடையிலும் ரொக்கம் வாங்குவதில்லை. எல்லாம் அந்தக் கார்டில்தான். கார்டுக்குப் பின்னால் ஒன்று வங்கிக் கடன் அட்டை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் ரொக்கம் டெபாசிட் கட்டியிருக்க வேண்டும். மகள் தன் கடன் அட்டையைக் கொடுக்கிறேன் என்று எத்தனை தடவை சொன்னாள்! "பொண்ணு காசுல டிக்கெட். அதுக்கு மேல அவ கார்டுல டீ வேற குடிக்கணுமா?" என்று ஒற்றைக் காலில் நின்றீர்கள். கட்டின டெபாசிட்டை உங்களுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் செலவு முழுசாக விழுங்கிவிட்டது. போதாமல் பாக்கியும் நிற்கிறது. இன்று காலை முதல் நம் இரண்டு கார்டுமே சிவப்பு.

வெள்ளிக்கிழமை கப்பல் கரை தொடுகிறது. இறங்கும் வாசலில் கார்டை வைத்தால் பச்சை எரிய வேண்டும், அப்போதுதான் விடுவார்கள். மேசையில் கேட்டேன். "கணக்கு சார் பேர்ல இருக்கு. சனிக்கிழமை ரொக்கமா கட்டிடறேன்னு அவர் போன்ல ஒரு வார்த்தை சொன்னா போதும், பச்சை ஆக்கிடறோம்" என்றாள் அந்தப் பெண்.

ஒரு வார்த்தைதான். சொல்லிவிடுங்கள். மாத்திரையைத் துப்பாமல் விழுங்குங்கள்.

நான்தான்.


மார்ச் 4, செவ்வாய், சாயங்காலம்
தனிமை அறை, இரண்டாம் தளம்

வீட்டுக்காரிக்கு,

சாப்பாடு சும்மா. தண்ணீர் சும்மா. படுக்கை சும்மா. சாப்பாட்டுக் கூடத்தில் மெஷின் டீயும் சும்மா. பிறகு எதற்குக் காசு? பீங்கான் கோப்பையில் குடித்தால் டீ என்ன வேறு ருசியா?

ஆமாம், நான்தான் சொல்லி வைத்தேன். "அவங்க கார்டு கதவு திறக்க மட்டும் போதும்" என்று. நீ கெட்டவள் என்று இல்லை. தேய்த்தால் காசு போவது கண்ணுக்குத் தெரியாது. என் கடையில் முப்பது வருஷமாக 'கடன் கிடையாது' பலகை தொங்குகிறது. ஆணி வாங்க வந்தாலும் அதுதான், கதவு வாங்க வந்தாலும் அதுதான். கப்பல் ஏறினால் பலகையைக் கழற்றிவிட முடியுமா?

டாக்டர் போட்ட பில்லைப் படித்துக் காட்டினார்கள். ஒரு பாட்டில் உப்புத்தண்ணீர் ஏற்றியதற்கு ஒரு நல்ல தண்ணீர் மோட்டார் வாங்கலாம். மறுபடி காய்ச்சல் வந்ததே அதனால்தான்.

இந்த அறையில் ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. திறக்காது. சுற்றிலும் போல்ட், அதில் இரண்டு துருப்பிடித்திருக்கிறது. நம் கடைச் சரக்காக இருந்தால் துருப்பிடிக்காது. நாள் பூராவும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். எந்தப் பக்கம் போகிறோம் என்றுகூடத் தெரியவில்லை.

சனிக்கிழமை கட்டுகிறேன் என்று சொல்வதும் கடன்தான். சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமை இறங்கி என்ன செய்யப் போகிறாய்? வெயிலும் கடையும்தான். கேபினில் நிம்மதியாகத் தூங்கு.

கதவை உள்ளே தாழிட்டுக்கொள்.


மார்ச் 5, புதன்
ஆறாம் தளம்

என்னங்க,

நிம்மதியாகத் தூங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்காவது வட்டமாக ஒரு ஜன்னல் இருக்கிறது. நம் கேபினில் அழகாகத் திரை தொங்குகிறதே, விலக்கிப் பார்த்தீர்களா? பின்னால் சுவர். முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது ராத்திரி விளக்கை அணைத்தால் மூச்சு முட்டுகிறது. விடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வராந்தாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலே போனால் நடக்கிறேன், சுற்றுகிறேன், கிளம்பின இடத்துக்கே வந்து நிற்கிறேன். எங்கே உட்கார்ந்தாலும் யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு என்ன வேண்டும் என்று கேட்க வருகிறார்கள். ஒன்றும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லியே வாய் வலிக்கிறது.

மறைத்து வைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை கப்பல் நிற்கிற ஊரில்தான் என் தங்கை இருக்கிறாள்.

மகள் எந்தக் கப்பல் என்று கேட்டபோது நீங்கள் "எல்லாம் தண்ணிதானே" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டீர்கள். படங்களைப் புரட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது நான். அந்த ஊர்ப் பெயர் இருந்ததால்தான் இந்தக் கப்பல். ஏறுவதற்கு முதல் நாள் அவளிடம் போனில் பேசினேன். "துறைமுக வாசல்லயே நிக்கறேன்க்கா. நீ வர்ற வரைக்கும் நகர மாட்டேன்" என்றாள். அவள் குரல் அம்மா குரல் மாதிரியே ஆகிவிட்டது. நான் வராவிட்டால் அவள் சாயங்காலம் வரை வெயிலில் நிற்பாள். நான் வரவில்லை என்று சொல்லக்கூட எனக்கு வழி இல்லை.

உங்களுக்குக் கோபம் வரும். உங்கள் சகலை கடன் வாங்கித் தின்றார், நீங்கள் கட்டினீர்கள். எல்லாம் தெரியும். ஆனால் தங்கை என்ன தின்றாள்? அவளோடு ஏன் பேச்சு வார்த்தை இல்லை? நீங்கள் பேசக் கூடாது என்றீர்கள், நானும் வாயை மூடிக்கொண்டேன். அவள் மகன் கல்யாணத்தை ஒரு போட்டோவில் பார்த்தேன், அவ்வளவுதான்.

மகளுக்குப் போன் செய்தால் ஒரு நிமிஷத்தில் கார்டைக் கொடுப்பாள். ஆனால் இங்கேயிருந்து பேசுகிற போன் காசும் நம் கணக்கில்தான் ஏற வேண்டுமாம், அதுவோ பூட்டிக் கிடக்கிறது. ஊரில் ராத்திரி பகலாகப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன், அந்தக் காசும் உங்கள் கணக்குக்குத்தான் போகிறது. என் கையில் ஒரு டீக்குக் காசில்லை. இதை எழுதும்போது வருவது கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை.

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு போன்.


மார்ச் 5, புதன், இரவு
தனிமை அறை

வீட்டுக்காரிக்கு,

கல்யாண நாள் பரிசு என்று மகள் சொன்னாள். நான் நம்பி ஏறினேன். எல்லாரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் திட்டம் போட்டிருக்கிறீர்கள். இந்தக் கப்பலில் நான் மட்டும்தான் எங்கே போகிறோம் என்று தெரியாமல் வந்தவன்.

உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. சகலை கார்டைத் தேய்த்துத் தேய்த்து சோபா வாங்கினான், பைக் வாங்கினான். என்னிடம் வந்து, "அண்ணே, ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். போட்டேன். அவன் ஊரைவிட்டே போய்விட்டான். வசூல்காரன் என் கடைக்கு வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் என் பெயரைச் சத்தமாகப் படித்தான். படித்து முடித்துவிட்டு என் கடைப் பையனிடமே டீ கேட்டான். அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இன்றைக்கும் கார்டு என்கிற வார்த்தையைக் கேட்டால் அந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது.

அந்த வீட்டு வாசலை என் மனைவி மிதிக்கக் கூடாது. வரவேற்பு மேசைக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். நான் வெளியே வரும்வரை என் கணக்கில் உன் கார்டுக்கு எந்த மாற்றமும் செய்யக் கூடாது, நீயே வந்து கேட்டாலும்.

இன்று மத்தியானம் மறுபடி வாந்தி. நர்ஸ் முகமூடியோடு வருகிறார், முகமூடியோடு போகிறார். ஒரு மனித முகம் பார்த்து மூன்று நாளாகிறது. அதைப் பற்றி நீ ஒரு வரி கேட்கவில்லை.


மார்ச் 6, வியாழன்
ஆறாம் தளம்

என்னங்க,

வாந்தி நின்றுவிட்டது என்று நர்ஸ் சொன்னார். காலையில் உங்கள் அறைக் கதவு வரை வந்தேன். கண்ணாடியில் பார்த்தேன், தூங்கிக்கொண்டிருந்தீர்கள். எழுப்ப மனம் வரவில்லை. எழுப்பினால் சண்டை போட வேண்டியிருக்கும் என்பதும் ஒரு காரணம்.

நேற்று உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நேற்று ராத்திரி சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய விருந்து. எல்லாரும் கோட்டும் கவுனுமாக வர வேண்டுமாம். நான் வராந்தாவில் சும்மா நின்றுகொண்டிருந்தேன். எதிர் கேபின் அம்மா கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டி, "இங்க யாராச்சும் இருக்கீங்களா, ஜிப்பு பிச்சுக்கிச்சு" என்று அழாத குறையாகக் கூப்பிட்டார். நாலு நாள் சும்மா கிடைக்கிற சாப்பாட்டை வெளுத்துக் கட்டினால் ஜிப் என்ன செய்யும்? என் ஊசி நூல் பை பெட்டியிலேயே இருந்தது. உள்ளே போய், பக்கவாட்டில் இருந்த மடிப்பைப் பிரித்து விட்டு, ஜிப்பை எடுத்துத் திரும்பத் தைத்தேன். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்றும் கையில் ரொக்கத்தைத் திணித்தார். "கடையில கேக்கறதுல பாதிகூட இல்ல, வச்சுக்கோங்க."

அவர் விருந்தில் போய்ச் சொல்லியிருப்பார் போல. இன்று காலையிலிருந்து நம் கேபின் வாசலில் ஆள் நிற்கிறது. பட்டன், பேன்ட் மடிப்பு, இடுப்பைத் தளர்த்துவது. இந்தக் கப்பலில் ஒருத்தருக்கும் இடுப்பு ஏறின அளவில் இல்லை. இந்த மூன்று நாளில் இன்றைக்குத்தான் அந்தப் பொய்த் திரையைப் பார்க்காமல் இருந்தேன்.

மத்தியானம் வந்தவள் வரவேற்பு மேசைப் பெண். அவள் யூனிஃபார்ம் பாவாடை ஓரம் பிரிந்துவிட்டது. தைத்துக்கொண்டே என் கதையைச் சொன்னேன். அவள், "மேடம், சார் கணக்கு பூட்டியிருந்தா என்ன? உங்க பேர்லயே தனியா ஒரு கணக்கு தொறக்கலாமே. ரொக்கம் கட்டினா போதும். அவர் கையெழுத்தே வேண்டாம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏம்மா இத்தனை நாளா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கவே இல்லையே மேடம். நீங்க வந்து கேட்டதெல்லாம் சார் கணக்கைப் பத்தித்தான்."

அவள் போன பிறகு அடுத்த பேன்ட்டை எடுத்து மடிப்பைப் பிரித்தேன். அவள் சொன்னது உண்மை. எனக்கு என்று ஒன்று கேட்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் போய்க் கட்டினேன். கையெழுத்து போடச் சொன்னாள். என் பெயரைத் தனியாக எழுதிப் பழக்கம் விட்டுப்போய், பேனாவைப் பிடித்துக்கொண்டு முழித்தேன். என் கார்டை வைத்துப் பார்த்தாள். பச்சை.


மார்ச் 6, வியாழன், இரவு
தனிமை அறை

வீட்டுக்காரிக்கு,

கடைக்காரன் பெண்டாட்டி கப்பலில் கண்டவர் துணியைத் தைத்துக் காசு வாங்குகிறாள். வெளியே வந்ததும் நான் எப்படி அவர்கள் முன்னால் சாப்பிட உட்காருவேன்?

போகாதே. நான் சொன்னால் கேட்கிறவள்தானே நீ.

நாளைச் சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடுமாம். தவறவிட்டால் காத்திருக்க மாட்டார்கள். நீ இறங்கினால் திரும்ப ஏறுவாயா? அதை மட்டும் எழுது.


மார்ச் 7, வெள்ளி, காலை
ஆறாம் தளம்

என்னங்க,

கப்பல் நின்றுவிட்டது. இயந்திரச் சத்தம் இல்லாமல் காது ஒரு மாதிரி இருக்கிறது. பெட்டியை எடுக்கவில்லை, கைப்பை மட்டும்தான். திரும்ப ஏறுவேனா என்று கேட்டீர்கள். தங்கை முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரியும். பொய் சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மனம் வரவில்லை.

இந்தக் கடிதத்தோடு மேல்தளத்து டீ ஒன்று வருகிறது. பீங்கான் கோப்பைதான், நர்சிடம் கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன். ரசீதைப் பாருங்கள், என் பெயர் போட்டிருக்கிறது. என் கணக்கில் நான் வாங்கின முதல் டீ. எனக்கு இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை.

சூடாகக் குடியுங்கள்.


மார்ச் 7, வெள்ளி, மாலை
தனிமை அறை

உனக்கு,

டீயைக் குடிக்கவில்லை. மேசையில் அப்படியே வைத்துவிட்டேன். மகள் கார்டிலேயே குடிக்காதவன் உன் கார்டில் குடிப்பேனா என்று வைத்தேன்.

இந்த ஜன்னல் கரைப் பக்கம் இருக்கிறது. உனக்குத் தெரியாதே. நீ இறங்கியதைப் பார்த்தேன். இறங்கும் வாசலில் நீலச் சட்டைக்காரன் ஒருவன் உன் கார்டை வாங்கிக் கருவியில் வைத்தான், நீ அவனைப் பார்த்துச் சிரித்தாய், படியில் இறங்கினாய். உன் நடையே வேறாக இருந்தது. வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒருத்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றாள். உன் தங்கை என்று முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எப்படி இளைத்துப் போய்விட்டாள்! அவள் ஓடி வந்து உன்னைப் பிடித்தபோது நான் கண்ணாடியில் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை. யாருக்கும் கேட்காது. சகலை வரவில்லை. வந்திருந்தால் நன்றாகப் பார்த்திருப்பேன். பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஒரு லாரிக்குப் பின்னால் போய்விட்டீர்கள்.

அதற்கப்புறம் நாள் பூராவும் அந்தப் படியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணியிலிருந்து கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தார்கள். எல்லாரும் குடை பிடித்திருந்தார்கள், மழை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் குடைதான், ஒரு முகமும் தெரியவில்லை. எந்தக் குடைக்குள் நீ இருக்கிறாய், இருக்கிறாயா என்றே தெரியவில்லை. படியை எடுத்தார்கள். கப்பல் ஊதியது. கரை நகர்ந்தது.

வரவேற்பு மேசைக்குப் போன் செய்தேன். என் மனைவி ஏறிவிட்டாளா என்று கேட்டேன். அந்தப் பெண் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "மன்னிச்சுக்கங்க சார். அவங்க கணக்கு தனி. உங்க பேர்ல இல்லாத கணக்கைப் பத்தி நாங்க சொல்லக் கூடாது."

"நான் அவ புருஷன்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றாள்.

கதவைத் தட்டினேன், நர்ஸ் வரவில்லை. கதவுக்கு உள்பக்கம் பிடியே இல்லை. இத்தனை நாளும் அதை நான் கவனிக்கவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொன்னதில்லை. ஏறிவிட்டாய் என்றால் ஒரு வரி எழுது. ஏறவில்லை என்றால் இது உன் கைக்கு வராது.

டீயைக் குடித்துவிட்டேன். ஆறிப்போயிருந்தது.


மார்ச் 8, சனி, விடியற்காலை
ஆறாம் தளம்

என்னங்க,

ஏறிவிட்டேன். நேற்று கடைசிக் குடை நான்தான். நீங்கள் எழுதியது ராத்திரியே என் கைக்கு வந்துவிட்டது. உடனே பதில் எழுதியிருக்கலாம். கேட்டால் சொல்ல மாட்டார்கள், கதவும் திறக்காது என்றால் எப்படி இருக்கும் என்று ஒரு ராத்திரி நீங்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதாமல் இருந்தேன். ஆனால் நானும் தூங்கவில்லை. உங்கள் பயத்தைப் படித்துவிட்டு எப்படித் தூங்குவது? இரண்டு தடவை எழுந்து உங்கள் கதவு வரை வந்துவிட்டுத் திரும்பினேன்.

தங்கை வீட்டில் ஒரே ஒரு அறை. அவள்தான் வேலைக்குப் போகிறாள், சகலைக்கு இடுப்பு முடியாமல் படுக்கையில் இருக்கிறார். உங்களைப் பற்றி விசாரித்தார். வயிற்றுப்போக்கு என்று சொல்லவில்லை, ஜலதோஷம் என்று சொல்லி உங்கள் மானத்தைக் காப்பாற்றினேன். "இங்கயே இருந்துடுக்கா" என்றாள் தங்கை. ஒரு நிமிஷம் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, இதுவும் இன்னொருத்தர் வீடுதானே, என் பேரில் ஒன்றுமில்லையே என்று தோன்றியது. அடுத்த மாதம் அவள் நம் வீட்டுக்கு வருகிறாள். இது அனுமதி கேட்டு எழுதுவதல்ல, தகவல்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் வந்து உங்களை விட்டுவிடுவார். மேசையில் போய் உங்கள் பாக்கியைக் கட்டுங்கள், உங்கள் கார்டும் பச்சை ஆகிவிடும். என் கணக்கை அதோடு சேர்க்கச் சொல்லாதீர்கள். சொன்னாலும் அந்தப் பெண் சேர்க்க மாட்டாள்.

ஊருக்குப் போனதும் வங்கியில் என் பேரில் ஒரு கணக்கு தொடங்கப் போகிறேன். யூனிஃபார்ம் காசு இனி அதில்தான் விழும். அதற்கு உங்கள் கையெழுத்து தேவைப்படாது. சும்மா துணைக்கு வாருங்கள்.

மேல்தளத்து டீக்கடையில் இருப்பேன். ஆறிப்போவதற்குள் வந்துவிடுங்கள்.